விதை யார் கையில் என்று கேள், மகள்

களுதாவளை,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய எலிப் படம் கிடைத்தது. மரபணு மாற்றிய சோளம் தின்றவையாம், உடம்பில் பெரிய பெரிய கட்டிகளோடு எலிகள். கீழே, இதைத்தான் உங்கள் பிள்ளைக்கு ஊட்டுகிறீர்கள் என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டு, கடுகு இனப் பயிரின் விதையிலிருந்து எடுக்கும் கனோலா எண்ணெயைக் கொட்டிவிட்டதாகவும், பேரனுக்குச் சோயாவில் செய்த டோஃபு கொடுப்பதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். தொலைபேசியில் பேசினால் நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, கோபத்தில் முடியும். விவசாயப் போதனாசிரியராக வேலை செய்தவனின் மகள் நீ. இதை ஆறுதலாக வாசித்துவிட்டு உன் முடிவை எடு.

முதலில் அந்த எலிகள். 2012இல் பிரான்சில் செரலினி என்ற ஆய்வாளர், மரபணு மாற்றிய சோளத்தை இரண்டு வருடம் எலிகளுக்கு ஊட்டி வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்த படம் அது. அந்த எலி இனத்துக்கு வயது போனால் தானாகவே கட்டி வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் பத்துப் பத்து எலிகளை மட்டுமே வைத்துப் பார்த்தார்கள். மாற்றாத சோளம் தின்ற எலிகளுக்கும் கட்டி வந்தது. அந்த எலியின் படத்தை மட்டும் யாரும் அனுப்புவதில்லை. வெளியிட்ட சஞ்சிகையே 2013இல் கட்டுரையை மீளப் பெற்றது. அடுத்த வருடம் வேறொரு சஞ்சிகை மறுபடி அச்சிட்டது. அதனால் ஆய்வின் குறை தீர்ந்துவிடவில்லை.

அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்கள் 2016இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருபது வருடமாக இந்த உணவைச் சாப்பிட்டுவரும் அமெரிக்கா, கனடா மக்களின் நோய்க் கணக்கை, அதை அதிகம் சாப்பிடாத பிரித்தானியா, மேற்கு ஐரோப்பா மக்களின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். புற்றுநோயிலோ நீரிழிவிலோ இந்த உணவைக் குற்றம் சொல்லும்படி வேறுபாடு தெரியவில்லை. உன் மாமா தினமும் ஏற்றிக்கொள்கிற இன்சுலினும் மரபணு மாற்றிய நுண்ணுயிர் செய்து கொடுப்பதுதான். 1982 முதல் அப்படித்தான் வருகிறது.

இதனால் எல்லாமே பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை சோயாவின் சத்தைக் கூட்டப் பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு இந்தச் சோயாவும் ஒவ்வாது என்று பரிசோதனையில் தெரிந்தது. கடைக்கு வருமுன்பே கைவிட்டார்கள். ஆகவே மரபணு மாற்றியதா இல்லையா என்று மட்டும் கேட்பது போதாது, மகள். எந்தப் பயிரில் எதை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், அந்த விதை இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேள்.

நம்மூர்க் கத்தரியையே எடுத்துக்கொள். காய் வெளியே பளபளவென்று இருக்கும். ஊசி முனையளவில் ஒரு துளை. வெட்டினால் உள்ளே கறுத்த சுரங்கம், வழியெல்லாம் எச்சம், முடிவில் வெளிர் சிவப்பு நிறத்தில் புழு. உள்ளே போன புழுவுக்கு மருந்து படாது. நுழையுமுன் கொல்ல வேண்டும் என்று கிழமைக்கு இரண்டு தரம்கூட விசிறுகிறார்கள். முகத்தில் ஒரு துணி, கையுறை கிடையாது. கடற்காற்று திசை மாறினால் விசிறுகிறவர் முகத்திலேயே மருந்து படியும். பின்னேரம் விசிறிவிட்டு விடியற்காலையில் காய் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எத்தனையோ கூட்டங்களில் சொன்னேன். கடன் வாங்கிப் பயிர் செய்கிறவனுக்குப் புழு தின்ற காயை யார் வாங்குவார்கள் என்ற பயம்தான் பெரிது.

பங்களாதேஷ் இதற்கு வேறொரு வழி தேடியது. மண்ணில் வாழும் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பற்றீரியாவின் மரபணு ஒன்றைக் கத்தரியில் சேர்த்தார்கள். அது உண்டாக்கும் புரதம் புழுவின் குடலைக் கெடுக்கும்; நம் வயிற்றில் சாதாரணப் புரதமாகச் சமித்துவிடும். அதே பற்றீரியாவைச் சேதன விவசாயிகளும் தெளிக்கிறார்கள். 2013இல் அனுமதி கொடுத்து, 2014இல் இருபது விவசாயிகளோடு தொடங்கினார்கள். மருந்துச் செலவு நன்றாகக் குறைந்தது. எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று: அரச ஆராய்ச்சி நிறுவனம் தன் சொந்தக் கத்தரி இனங்களில் அந்த மரபணுவைச் சேர்த்ததால், விவசாயி தானே விதை எடுத்து மறுபோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பற்றீரியாவின் பெயரைச் சுருக்கி இதைப் பி.டி. கத்தரி என்பார்கள். இந்தியாவோ அதை 2010 பெப்ரவரியில் நிறுத்தி வைத்தது. சுயாதீனமான பரிசோதனை போதாது, நாட்டு இனங்களுக்கு என்ன ஆகும் என்று அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் காரணம் சொன்னார். அந்தக் கேள்விகளும் நியாயமானவை. அங்கே 2002இல் வந்த பி.டி. பருத்தியில் முதலில் மருந்து குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்டது.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது நெல். வாவியைக் கடக்க மண்டூர்ப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏறி வயலுக்குப் போகிறபோதெல்லாம் யோசிப்பேன். நாம் நாற்று நடுவதில்லை, வீசி விதைக்கிறோம். அதனால் களைதான் முதல் எதிரி. அதிலும் பன்றிநெல் என்று கரித்துக்கொட்டுகிறோமே, அந்தக் களைநெல் கதிர் தள்ளும்வரை பயிரோடு பயிராகவே நிற்கும். நாம் அறுக்குமுன் மணிகளை வயலில் கொட்டிவிடும். அதுவும் நெல்லும் ஒரே சாதி, மகரந்தம் பரிமாறும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 2002இல் களைகொல்லி தாங்கும் நெல் ஒன்று விற்பனைக்கு வந்தது. சில வருடங்களிலேயே அந்தக் குணம் களைநெல்லுக்குத் தாவிவிட்டது. அந்த நெல்லோ மரபணு மாற்றியதே அல்ல. வெளி மரபணு எதையும் சேர்க்காமல், நெல்லின் சொந்த மரபணுவிலேயே மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தெரிவு செய்த இனம். “மரபணு மாற்றாதது” என்ற லேபலைத் தாராளமாக ஒட்டலாம். ஆனால் வாவிக்கு மேற்கே வயல்கள் இருக்கும் படுவான்கரையில் அதை விதைக்க நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

களைகொல்லி தாங்கும் சோயாவும் கனோலாவும் வந்ததால் நீ இருக்கும் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஒரே மருந்தை வருடா வருடம் தெளித்தார்கள். அதற்கு அசையாத களைகள் பெருகிவிட்டன. அந்த மருந்து கிளைபோசேட். அது அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. பல நாடுகளின் ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அதே வருடம் இலங்கை அதைத் தடை செய்து, பிறகு தளர்த்தியது. தெளிக்கிறவருக்கு வரக்கூடிய ஆபத்தையும், தட்டில் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு வரக்கூடியதையும் சேர்த்துக் குழப்பாதே.

விதை உரிமை விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண விவசாயி பேர்சி ஷ்மைசரின் வழக்கைத் தேடி வாசி. அவருடைய கனோலாவில் மொன்சாண்டோ என்ற விதைக் கம்பனி காப்புரிமை பெற்ற மரபணு இருந்தது. அவர் தெரிந்தே, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில், அந்த விதையைச் சேமித்து விதைத்தார் என்று கண்ட கனடா உச்ச நீதிமன்றம், 2004இல் காப்புரிமை கம்பனிக்கே என்று தீர்த்தது. அவர் பணம் கட்டத் தேவையில்லை என்றும் சொன்னது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறுபக்கம். சட்டம் சரியாக இருக்கலாம். தன் வயலில் விளைந்ததை விதைத்தவன் கோர்ட் ஏறவேண்டும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. நம் ஆட்கள் விதைநெல் போதாவிட்டால் பக்கத்து வயற்காரரிடம் கைமாற்றாக வாங்கித்தான் விதைக்கிறார்கள். அதே நேரம் அம்பாறைப் பக்கம் சோளம் செய்கிறவர்கள் ஒவ்வொரு போகமும் கம்பனி விதைதான் வாங்குகிறார்கள். அது வெறும் கலப்பின விதை, மரபணு மாற்றியதல்ல. மரபணு வராமலே இந்தக் கட்டு வந்துவிட்டது.

மறுபக்கப் பிடிவாதமும் கெடுதி செய்யும். விற்றமின் ஏ குறைபாட்டால் கண் போகும் பிள்ளைகளுக்காக பொட்ரிகுஸ், பேயர் என்ற இரண்டு விஞ்ஞானிகள், உடம்பில் விற்றமின் ஏ ஆக மாறும் சத்து அரிசியிலேயே உண்டாகும்படி மரபணு மாற்றிய பொன்னிற அரிசியை 2000இல் அறிவித்தார்கள். பிலிப்பைன்ஸ் 2021இல்தான் பயிரிட அனுமதித்தது. 2024இல் நீதிமன்றம் நிறுத்திவிட்டது. இத்தனை வருட இழுபறி எனக்கு வேதனை. பயத்தால் அவசரப்பட்டு எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதை நாங்கள் 2021இல் கண்டோம். இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். பயிர் மஞ்சளித்து நின்றது. நவம்பரில் தடையை எடுத்தும் அந்தப் போகம் தப்பவில்லை.

இலங்கையில் மரபணு மாற்றிய பயிர் எதையும் வர்த்தகத்துக்கு விளைவிப்பதில்லை. இறக்குமதி உணவில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் லேபலில் குறிக்க வேண்டும் என்பது 2007 முதல் விதி. கனடாவில் அது கட்டாயமில்லை. கம்பனி விரும்பினால் போடலாம். இதற்காக நீ குரல் கொடுத்தால் நான் உன் பக்கம். என்ன வாங்குகிறோம் என்று அறிய உனக்கு உரிமை இருக்கிறது.

பேரனுக்கு டோஃபுவைத் திரும்பக் கொடு. வளர்கிற பிள்ளைக்குப் புரதம் வேண்டும். சுத்திகரித்த கனோலா எண்ணெயில் புரதமோ மரபணுவோ அநேகமாக மிஞ்சுவதே இல்லை, பயப்படாமல் சமை. விதைக் கம்பனிக்கு உன் காசு போகக்கூடாது என்று வேறு எண்ணெய் வாங்கினால் அதுவும் சரி, அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. மரக்கறியை மட்டும் ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவு.

வருகிற கமக்கார அமைப்புக் கூட்டத்தில் கத்தரிக்கு மருந்து விசிறுவது பற்றியும் பங்களாதேஷ் அனுபவம் பற்றியும் பேசக் கேட்டிருக்கிறார்கள். அங்கத்தைய விவசாயிகள் விதையை எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று மருமகனிடம் தேடிப் பார்த்து அனுப்பச் சொல். தமிழில் நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா