ஸ்காபரோவில் அறுபது கடந்த அப்பாமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாமாருக்கு,

அடுத்த பனிப்புயலுக்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். புயல் வந்தபிறகு எழுதினால் வாசிக்கமாட்டீர்கள், பனி அள்ளும் ஷவலோடு வாசலில் நிற்பீர்கள்.

1999 ஜனவரி உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். இரண்டு கிழமைக்குள் ஏறக்குறைய ஒரு வருடத்துப் பனி கொட்டியது. ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். டிவியில் ஆமிக்காரரைக் கண்டதும் அம்மாவுக்கு நெஞ்சு பதறியது. அவர்கள் பனி அள்ள வந்தவர்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பக்கத்து வீட்டு டிரைவ்வேயையும் சேர்த்து வழித்துவிட்டு வந்து தேத்தண்ணி கேட்டார்.

2022 ஜனவரி 17, பொங்கல் முடிந்து மூன்றாம் நாள், மறுபடி ஒரு பெரும் புயல். மறுநாள் காலை அப்பா டிரைவ்வேயைத் துப்புரவாக்கி முடித்த கையோடு, தெருவில் வந்த பனி தள்ளும் வண்டி வாசலை மறித்து ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போனது. உப்பும் ஐஸும் சேர்ந்து இறுகிய அந்த வரம்புதான் ஆளை விழுத்துவது. பாதி வெட்டியவர் படியில் வந்து குந்தினார். "வாயுவாக்கும், இஞ்சி போட்டுத் தேத்தண்ணி தா" என்றார். அந்தக் குளிரிலும் முகம் வேர்த்திருந்தது. நான் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தேன். பிழைத்துக்கொண்டார்.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான மாரடைப்புகளை ஆராய்ந்திருக்கிறார்கள். 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. யார் ஷவலைத் தூக்குகிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். இது புதுக்கதையும் இல்லை. 1944 டிசம்பரில் ரொறன்ரோவை மூடிய புயலில் 21 பேர் இறந்தார்கள். குயின் தெருவில் டிராம் கவிழ்ந்து இறந்தவர் ஒருவர்தான். பனியோடு மல்லுக்கட்டி, உடல் தாங்காமல் போனவர்கள் 13 பேர்.

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, பிரஷர் ஏறும். அந்த நேரம் பார்த்து, பாரத்தைத் தூக்க மூச்சை அடக்குகிறோம். ஓய்வாக இருந்த இதயம் திடீரென்று ஓட வேண்டியிருக்கிறது. தெற்காசியரான எங்களுக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத தமிழ் வீடு எங்கே இருக்கிறது?

நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பிரஷருக்குக் குளிசை போடுகிறவர்கள் தயவுசெய்து ஷவலைத் தொடாதீர்கள். பனி கிடந்தால் கிடக்கட்டும். பிள்ளைகளைக் கூப்பிடுங்கள், பக்கத்து வீட்டுப் பெடியனைக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அவன் தகப்பனுக்கு நீங்கள் எத்தனை வருடம் வழித்துக் கொடுத்திருப்பீர்கள்! மற்றவர்களும், முடிந்தவரை தூக்காமல் தள்ளுங்கள். ஈரப்பனி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பிட்ட உடனே வேண்டாம், சிகரெட்டோடு வேண்டவே வேண்டாம்.

நெஞ்சு இறுகினால், இடது கை உளைந்தால், வேர்த்துக் கொட்டினால் அதை வாயு என்று சொல்லாதீர்கள். உடனே 911-ஐ அழையுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவரின் மகள்