அக்காவுக்கு, தாடி வைத்த நாயைப் பற்றி

செல்லே, ஜெர்மனி, நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நல்ல சுகம். அங்கே அம்மா, அத்தான், பிள்ளைகள், பெரியம்மா எல்லோரும் சுகமா? நீ போட்ட கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலைதான் காரணம், வேறொன்றும் இல்லை. போனில் சொல்லலாம் என்றால் "சாப்பிட்டியா"வைத் தாண்ட அம்மா விடுவதில்லை.

சரவணன் விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அஸ்டா மாதிரியே குட்டி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம், அத்தானும் மதுரையில் விலை கேட்டுவிட்டாராம். முன்பணம் கொடுக்கும் முன் இதை இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டு.

அஸ்டா, கீழ்வீட்டுத் தாத்தாவின் நாய். சாதிப் பெயர் டிராட்ஹார், கம்பிமுடி என்று அர்த்தம். வேட்டைக்காகவே இந்த நாட்டுக்காரர்கள் நாலைந்து சாதியைக் கலந்து உண்டாக்கியது. 1902-லேயே அதற்கென்று சங்கம் வைத்துவிட்டார்கள். தாத்தாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்வது.

நம் வீட்டு நாய் செவலை கண்ணால் வேட்டையாடுகிற சாதி, முயலைக் கண்டால் பாய்ந்துவிடும். இது மூக்கால். வாடை பட்டதும் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி சிலையாக நின்றுவிடும். துப்பாக்கிக்காரர் வந்து சேரும்வரை அசையக் கூடாது, முயல் கிளம்பினாலும் துரத்தக் கூடாது. இதைப் பழக்க 10 மீட்டர் கயிறு கட்டுகிறோம். கையுறை இல்லாமல் பிடித்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். வெறுமனே ஓடவிட்டால் இதற்குக் களைப்பே வராது, மூக்குக்கு வேலை வேண்டும். ஒரு முயல்தோலைப் புல்லில் இழுத்துக்கொண்டு போய் ஓர் ஓரத்தில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தேடவிடுவேன். அந்த வேலை கிடைக்காத நாளில் கதவு நிலையைக் கடிக்கும், தோட்டத்தைத் தோண்டும். நரியையும் எதிர்க்க வேண்டும் என்று வளர்த்த ரத்தம், அதனால் பூனையை நம்பி விட முடியாது. உன் கோழிகளை நினைத்துக்கொள்.

வால் ஏன் பாதி என்று சரவணன் கேட்டிருந்தான். புதருக்குள் அடித்து அடித்து நுனி கிழிந்து ரத்தம் வரும் என்று குட்டியிலேயே நறுக்கிவிடுகிறார்கள். வேட்டை நாய்க்கு மட்டும்தான் இங்கே அந்த அனுமதி.

பெரிய வேலை முடிதான். மேல்முடி தேங்காய் நார் மாதிரி முரடாக, இரண்டு முதல் நாலு சென்டிமீட்டர் நீளம். அதற்கடியில் பஞ்சு மாதிரி உள்முடி. மேல்முடியைக் கத்தரிக்கவோ மிஷின் போடவோ கூடாது. வெட்டினால் செத்த முடியின் அடிப்பாகம் தோலிலேயே தங்கி, வளர்வது மெத்தென்று ஆகிவிடும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். பிடுங்கத்தான் வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்திலும் குளிருக்கு முன்பும். முதல்நாள் குளிப்பாட்டக் கூடாது, முடி வழுக்கும். விரலில் சாக்பீஸ் பொடி தடவி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்து, பெருவிரலுக்கும் மொட்டைப் பல் கத்திக்கும் நடுவே நாலைந்து முடியை மட்டும் பிடித்து, முடி வளர்ந்த திசையிலேயே நேராக இழுக்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் கத்தி வெட்டிவிடும். செத்த முடி என்றால் வலிக்காது, தானாகக் கையோடு வரும். நாய் நெளிந்தால் இன்னும் நாளாகவில்லை என்று அர்த்தம். தாடியையும் புருவத்தையும் விட்டுவிட வேண்டும், முள் கண்ணில் குத்தாமல் காப்பது அந்தப் புருவம்தான். ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு மூன்று தடவையாகச் செய்வேன்.

பேன் பார்க்கிற மாதிரிதான். பாதி நேரம் என் மடியில் தலையை வைத்துத் தூங்கிவிடும். திண்ணையில் அம்மா உனக்குப் பார்த்து முடித்து என்னை இழுத்துப் போட்டுக்கொள்வாளே, அந்த வெயில் நேரம். "இரு", "திரும்பு" எல்லாம் அஸ்டாவுக்குத் தமிழிலேயே தெரியும். வாரத்தில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசுவது அதனிடம்தான். அது கிடக்கட்டும்.

தாடி ஒரு தொல்லை. தண்ணீர் குடித்தால் சமையலறை முழுக்கக் கோலம். சோறு ஒட்டினால் புளித்து நாறும், தினமும் கழுவித் துடைக்க வேண்டும். கோடையில் ஊசிப்புல் மாதிரி ஒரு கதிர் காதுக்குள் போய்விடும். அதன் சுணை பின்னால் வர விடாது, முன்னால் மட்டுமே போகும். திடீரென்று தலையைச் சாய்த்து உதறினால் நாம் கிண்டாமல் டாக்டரிடம் போக வேண்டும். உண்ணியைத் தினமும் விரலால் தடவிப் பார்ப்பேன். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவிக் கொழுப்புத் தடவ வேண்டும். தீனி இரண்டு வேளை, மொத்தம் 400 கிராம் போல. சாப்பிட்டபின் ஒரு மணி நேரமாவது ஓடக் கூடாது. ஆழமான மார்புக்கூடு, இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளமாகி, குமட்டியும் ஒன்றும் வெளியே வரவில்லை என்றால் அந்த நிமிடமே ஓட வேண்டும். காட்டுப்பன்றியின் பச்சை இறைச்சி காட்டவே கூடாது, அதிலிருந்து தொற்றுகிற ஒரு வைரஸ் நாயைக் கொன்றுவிடும்.

இந்த இரட்டை முடியோடு சித்திரை வெயிலில் நம் கரிசலில் ஒரு நாய் என்ன பாடுபடும்? செவலைக்கு ஒட்டின முடி, மெலிந்த உடம்பு, அது அந்த மண்ணுக்கே பிறந்தது. சரவணனுக்கு அதைச் சரியாகப் பார்க்கச் சொல். வெறிநாய்த் தடுப்பூசி இந்த வருஷம் போட்டாயிற்றா?

அத்தான் குட்டிக்கு எடுத்து வைத்த பணத்தை உன் வளையல் வட்டிக்குக் கட்டிவிடு. மீட்கிற பணம் ஐப்பசியில் அனுப்புவதாகச் சொன்னேன், தை ஆகும் போல இருக்கிறது. இங்கே ஒரு கஷ்டமும் இல்லை, கம்பெனியில் கணக்கு முடிக்கிற நேரம், அவ்வளவுதான். அம்மாவின் கண் ஆபரேஷனை இதற்காகத் தள்ளிப் போடாதே. எந்தக் கண்ணை முதலில் செய்கிறார்கள், சர்க்கரை எவ்வளவு என்று டாக்டர் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. வடக்குக் காட்டு வரப்பைப் பற்றிப் பெரியப்பா பிள்ளைகள் மறுபடி பேசினால், நான் வரும்வரை கையெழுத்து எதுவும் போட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்.

அன்புடன்,
தம்பி