‘லிங்க் ஆகியிருக்கு’ என்றால் எந்த வங்கியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே சிக்கலோடு எத்தனை பேர் அலைகிறார்கள் என்பது வங்கி வாசலில் நின்ற அந்த ஒரு வாரத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2024 ஜனவரி 1 முதல் அந்தக் கூலி ஆதார் வழியாகத்தான் வரும் என்று கட்டாயமாக்கினார்கள். அம்மாவின் பழைய வங்கியில் ஆதார் ஏற்கெனவே கொடுத்திருந்ததால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, கூலி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. சில மாதம் கழித்து திடீரென்று மூன்று வாரக் கூலியைக் காணோம். பணித்தளப் பொறுப்பாளரிடம் கேட்டால் “பணம் ஏறிடுச்சு, எங்க பக்கம் பாக்கியே இல்ல” என்கிறார், பட்டியலிலும் அம்மா பெயருக்கு நேரே பணம் போனதாகத்தான் இருக்கிறது. வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் புதிதாக ஒரு வரிகூட விழவில்லை. கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு “ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கு, அங்க போய்க் கேளுங்க” என்றார். அங்கே போனால் “வங்கியில கேளுங்க.” இப்படியே நாலு நடை. ஒவ்வொரு நடைக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் வேலை போயிற்று.

கடைசியில் கண்டுபிடித்துச் சொன்னது, எங்கள் பக்கத்தில் ரேகை மெஷின் வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் ஒரு பெண். அம்மாவின் ஆதார் எண்ணைத் தட்டி, பட்டியலில் பழைய வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, விரலை வைக்கச் சொன்னார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த கட்டைவிரல் முதலில் பதியவில்லை, முந்தானையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்ததும் இருப்பு 340 ரூபாய் என்று வந்தது. “வேற எந்த வங்கியிலயாவது கணக்கு இருக்காம்மா?” என்று கேட்டார். இருந்தது. மகளிர் குழுக் கடனுக்காக அதற்கு இரண்டு மாதம் முன்னால் வேறொரு வங்கியில் கணக்கு தொடங்கியிருந்தார் அம்மா. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து அதே எண், அதே விரல். ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய் அங்கே உட்கார்ந்திருந்தது. மூன்று வாரக் கூலியும் பத்திரமாகத்தான் இருந்திருக்கிறது, அம்மாவுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த மெஷினை அப்போதுதான் நான் உற்றுப் பார்த்தேன். அது கணக்கு எண்ணைக் கேட்கவே இல்லை. ஆதார் எண், வங்கியின் பெயர், விரல், இந்த மூன்று போதும். நாம் வங்கியின் பெயரைத் தொட்டதும் உள்ளே அந்த வங்கிக்கென்று இருக்கும் ஆறு இலக்க அடையாள எண் போகிறது, ஐஐஎன் என்பார்கள். அந்த எண் எந்த வங்கி என்று சொல்கிறது, ஆதார் யார் என்று சொல்கிறது, எந்தக் கணக்கு என்பதை அந்த வங்கியின் கம்ப்யூட்டர் தானே தேடி எடுத்துக்கொள்கிறது.

அரசுப் பணம் வரும் பாதையும் கிட்டத்தட்ட இதுதான், ஒரே ஒரு வித்தியாசம், அங்கே எந்த வங்கி என்று நம்மைக் கேட்க ஆள் கிடையாது. கூலியோ கேஸ் மானியமோ பி.எம். கிசான் தவணையோ, ஆதார் வழியாக அனுப்பும்போது ஆதார் எண்ணும் தொகையும் என்பிசிஐ என்ற தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகத்துக்குப் போகின்றன. அங்கே மேப்பர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இந்த ஆதார் எண்ணுக்கு இந்த வங்கி, அவ்வளவுதான் அதில் இருக்கும். பட்டியலில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கே பணத்தைத் தள்ளிவிடுவார்கள், வங்கி தன்னிடம் அந்த ஆதாரோடு இருக்கும் கணக்கில் வரவு வைத்துவிடும். ஒரு ஆதார் எண்ணை எத்தனை வங்கிக் கணக்குகளில் வேண்டுமானாலும் கொடுத்து வைக்கலாம், ஆனால் மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரே வங்கிதான் இருக்க முடியும், கடைசியாக யார் பதிவு செய்தார்களோ அவர்கள் பெயர்தான் நிற்கும்.

எங்கள் குழப்பம் முழுவதும் இதில்தான் இருந்தது. கணக்கு தொடங்கும்போது கேஒய்சிக்காக, அதாவது நாம் யார் என்று வங்கி சரிபார்த்துக்கொள்வதற்காக, ஆதாரைக் கொடுப்பது ஒன்று, அரசுப் பணம் இந்தக் கணக்குக்கே வரட்டும் என்று மேப்பரில் பதிவது இன்னொன்று. இரண்டாவதை வங்கிக்காரர்கள் சீடிங் என்கிறார்கள், சிலர் என்பிசிஐ லிங்க் என்கிறார்கள், சிலர் டிபிடி என்கிறார்கள், கவுன்ட்டரில் கூட்டம் அதிகமாக இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘லிங்க்’ என்ற ஒரே வார்த்தைதான். பழைய வங்கிக்காரர் சொன்னது பொய் இல்லை. அவர் வங்கியில் ஆதார் லிங்க் ஆகித்தான் இருந்தது. மேப்பரில் வேறு வங்கி வந்துவிட்டது என்பதை அவர் பார்க்கவும் இல்லை, நாங்கள் எதைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவும் இல்லை.

சரி, புது வங்கி எப்படி மேப்பருக்குள் வந்தது? அம்மாவின் விண்ணப்பத்தை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன், புது வங்கியில் கொஞ்சம் முனகிவிட்டுக் காட்டினார்கள். ஆதார் ஒப்புதல் படிவம் என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறது. என் மானியப் பணம் இந்தக் கணக்குக்கு வரட்டும் என்று ஒரு கட்டம், ஏற்கெனவே இன்ன வங்கியில் பதிவாகியிருக்கிறது, அதை உங்கள் வங்கிக்கு மாற்றுங்கள் என்று ஒரு கட்டம், வேண்டாம் என்பதற்கும் ஒரு கட்டம். மாற்றுவதற்கான கட்டத்தில் டிக் இருக்கிறது, பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டிய கோடு காலியாக இருக்கிறது, கீழே அம்மாவின் கையெழுத்து. படிவம் முழுக்க ஆங்கிலமும் இந்தியும். அம்மா தமிழ் நன்றாகப் படிப்பார், செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, “இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து” என்று விரலால் காட்டியிருக்கிறார்கள், போட்டிருக்கிறார்.

பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டும் என்று படிவத்தில் ஒரு கோடு இருப்பது சும்மா இல்லை. 2017ல் ஒரு செல்போன் நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கி, சிம்முக்கு ஆதார் சரிபார்க்க வந்தவர்களுக்கு அவர்கள் அறியாமலே கணக்கு தொடங்கிவிட, லட்சக்கணக்கானவர்களின் கேஸ் மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் இ-கேஒய்சி உரிமத்தையே நிறுத்தி வைத்தது. வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாமல் ஒரு வங்கி இன்னொரு வங்கியின் பதிவை மாற்றக் கூடாது என்று சொல்ல வேண்டிய நிலை அப்படித்தான் வந்தது. அந்தக் கோட்டைக் காலியாக விட்டுவிட்டு டிக் மட்டும் போட்டால் அதற்குப் பெயர் ஒப்புதலா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைக்கும் சில கிளைகளில் ஆதார் கொடுக்காவிட்டால் கணக்கு முடங்கிவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள். 2017ல் அப்படி ஒரு விதி வந்தது உண்மை, கடைசித் தேதி சொல்லி ஊரையே வரிசையில் நிற்க வைத்தார்கள். 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வங்கிக் கணக்கிலும் ஆதாரை இணைத்தே ஆக வேண்டும் என்ற அந்த விதியை ரத்து செய்துவிட்டது. அரசு மானியம், உதவித்தொகை வாங்குபவர்களிடம் ஆதார் கேட்கலாம் என்பதையும், பான் எண்ணோடு ஆதாரை இணைப்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. மற்றபடி வங்கியில் ஆதாரைக் கொடுப்பது நம் விருப்பம், வேறு ஆவணம் கொடுத்தும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். இதைக் கவுன்ட்டரில் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது.

ஆதார் வழியாகப் பணம் அனுப்பும் முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. பழைய முறையில் கணக்கு எண்ணும், வங்கிக் கிளைக்கான குறியீடான ஐஎஃப்எஸ்சியும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐஎஃப்எஸ்சியில் பதினோரு எழுத்துகள், முதல் நான்கு வங்கி, ஐந்தாவது பூஜ்யம், கடைசி ஆறு கிளை. கணக்கு எண்ணின் நீளமோ வங்கிக்கு வங்கி வேறு. எழுதும்போது ஒரு இலக்கம் பிசகினால் போயிற்று. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு சேர்ந்தது, ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கிக்குள் போயின, அப்புறம் ஐஎஃப்எஸ்சி எல்லாம் மாறி ஒவ்வொரு அலுவலகத்திலும் போய்ப் புதிதாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு அந்த அலைச்சல் நினைவிருக்கும். ஆதார் எண் யாருக்கும் மாறுவதில்லை, எப்போதும் பன்னிரண்டு இலக்கம், அதிலும் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றைக் கொண்டு கணக்குப் போட்டு வருவது, அதனால் ஒரு இலக்கத்தைத் தப்பாகத் தட்டினால் கம்ப்யூட்டர் அங்கேயே பிடித்துவிடும். ஒரே வீட்டில் மாமியார் அட்டைக்குப் பதில் மருமகள் அட்டையைப் பார்த்துத் தட்டினால் மட்டும் அது பிடிக்காது, அதுவும் சரியான எண்தானே. அந்த இடத்தில் மனிதர் ஒருவர் பெயரைப் படித்துப் பார்த்தால்தான் உண்டு.

பெயர் என்றதும் நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லை ஞாபகம் வருகிறது. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால், பான் கார்டில் அப்பாவின் பெயரே முழுதாக விரிந்து நிற்கும். கல்யாணமான பெண்களுக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். மூன்றும் ஒரே ஆள்தான் என்பது வங்கியில் இருப்பவருக்கும் தெரியும், இருந்தாலும் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். கல்வி உதவித்தொகைக்காக அலையும் பிள்ளைகள் பாதிப் பேர் இந்த ஒரு எழுத்துக்காகத்தான் அலைகிறார்கள் என்று நினைக்கிறேன். என்னோடு வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அன்று அது மூன்றாவது நடை.

மேப்பரில் எந்த வங்கி இருக்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது. மைஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உள்ளே போனால் வங்கி சீடிங் நிலவரம் என்று ஒரு பகுதி இருக்கிறது, வங்கியின் பெயரைக் காட்டும். கணக்கு எண்ணைக் காட்டாது. அதை மட்டும் பார்த்திருந்தால் எங்களுக்கு அந்த நாலு நடையும் மிச்சம். ஆனால் ஓடிபி வர ஆதாரில் பதிந்த செல்போன் எண் கையில் இருக்க வேண்டும். அம்மாவின் ஆதாரில் இருந்தது என்றைக்கோ ரீசார்ஜ் போடாமல் விட்டுப்போன எண். என்பிசிஐ இணையதளத்திலும் பதிவு செய்யவும் மாற்றவும் நீக்கவும் இப்போது வசதி வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், அம்மா வயதுக்காரர்கள் எத்தனை பேர் அதைத் தாங்களே செய்வார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அதனால் வங்கிகளிடமும் ரிசர்வ் வங்கியிடமும் நான் உங்கள் பத்திரிகை மூலம் கேட்பது இதுதான். யாராவது ஆதாரோடு கவுன்ட்டருக்கு வந்தால், “இப்போது உங்கள் அரசுப் பணம் இன்ன வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதை இங்கே மாற்றவா, அப்படியே விடவா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாற்றினால், இன்ன வங்கியிலிருந்து இன்ன வங்கிக்கு, இன்ன தேதியில் மாற்றினோம், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் இது என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்திலேயே தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். படிவங்கள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி ஏற்கெனவே சொன்னதுதான், இந்த ஒப்புதல் படிவத்துக்கு மட்டும் அது ஏன் இல்லை? மேப்பரில் பெயர் மாறினால் பழைய வங்கியிலிருந்தும் ஒரு எஸ்எம்எஸ் வரட்டும், பத்து ரூபாய் எடுத்தால்கூட எஸ்எம்எஸ் வருகிற காலத்தில் வருகிற பணமெல்லாம் திசை மாறிப் போவதற்கு ஒன்று அனுப்ப முடியாதா? 2025 ஏப்ரலில் இருந்து நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் இன்னொருவர் கணக்குக்குப் பணம் அனுப்புகிறவர் பணம் பெறுபவரின் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வசதி தரச் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு எண்ணில் போகிற பணத்துக்குச் செய்ததை ஆதாரில் வருகிற கூலிக்கும் செய்யலாம்.

ஊராட்சி அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பணம் ஏறிவிட்டது என்று சொல்லும்போது எந்த வங்கிக்கு ஏறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் மூன்று வாரக் கூலி எங்கே போனது என்று அவர்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் நேராகப் புது வங்கிக்குப் போயிருப்போம்.

இப்போது அம்மாவின் ஆதாரில் புது செல்போன் எண்ணைப் பதிந்தாயிற்று, மேப்பரைப் பழைய வங்கிக்கே மாற்றி எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. மாற்றிய தேதியைப் பாஸ்புக் அட்டையின் உள்பக்கத்தில் அம்மாவே பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். வங்கி முத்திரையோடு வந்திருக்க வேண்டிய வரி அது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்