குருத்தோலை கட்டிய படை

கும்பகோணம்
மார்ச் 9

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து பக்கத்து வீட்டில் பத்து நாள் கிடந்திருக்கிறது. மகளைப் பார்க்க ஜகார்த்தா போயிருந்தோம். முழங்கால் வலி என்று சொல்லியும் விடாமல் ரயிலேற்றி யோக்யகர்த்தாவுக்கும் கூட்டிப் போனாள். எல்லோரும் போரோபுதூர் புத்தக் கோயிலில் ஏறினார்கள். நான் கீழே உட்கார்ந்து இளநீர் குடித்தேன். அது கிடக்கட்டும். உனக்கென்று ஒரு விஷயம் வைத்திருக்கிறேன்.

மார்ச் 1 காலையில் மாலியோபோரோ தெருவின் கோடியில் இருந்தோம். பழைய டச்சுக் கோட்டை, அதை ஒட்டி ஒரு நினைவுச் சின்னம், ஒரே கூட்டம். சிலர் கழுத்தில் மஞ்சள் குருத்தோலைக் கீற்றைக் கட்டியிருந்தார்கள். அங்கேயும் நம்மைப் போலக் கல்யாணத்துக்குக் குருத்தோலைதான். அதனால் "யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டேன். மகள் சிரித்தாள். "கல்யாணம் இல்லப்பா, சண்டை."

1945 ஆகஸ்டில் சுகர்னோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்ததும், விட்ட காலனியைப் பிடிக்க டச்சுக்காரர்கள் திரும்பி வந்ததும் உனக்குத் தெரியும். ஜகார்த்தா கைவிட்டுப் போக, யோக்யகர்த்தா குடியரசின் தலைநகரானது. 1948 டிசம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, டச்சுப் படை மகுவோ விமானத் தளத்தில் பாராசூட்டில் குதித்தது. அன்றைக்கே நகரம் விழுந்தது. சுகர்னோ, ஹத்தா இருவரும் பிடிபட்டார்கள். தளபதி சுதிர்மான் மட்டும் சிக்கவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தவர், வயது 32, காசநோயில் ஒரு நுரையீரல் வேலை செய்யவில்லை. நம் மலைக் கிராமங்களில் நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவார்களே, அப்படி ஏழு மாதம் காடு மலையெல்லாம் அவரைத் தூக்கிக்கொண்டு திரிந்தே கெரில்லாப் போர் நடத்தியிருக்கிறார்கள்.

டச்சுக்காரர்கள் வெளியுலகத்துக்குச் சொன்ன கதை சுருக்கமானது: குடியரசு முடிந்தது, அதன் ராணுவம் என்று ஒன்று இல்லை. மறுப்பதற்கு யாரும் இல்லையே, தலைவர்கள் சிறையில். ஐ.நா. பாதுகாப்பு அவை ஜனவரியில் ஒரு தீர்மானம் போட்டும் அவர்கள் அசையவில்லை.

அப்போதுதான் 1949இல் இந்த மார்ச் 1. ஊரடங்கு முடிந்ததற்குத் தினமும் காலை 6 மணிக்கு டச்சுக்காரர்களே சங்கு ஊதுவார்கள். அந்தச் சங்குதான் தாக்குதலுக்கு அடையாளம்! எதிராளியின் சங்கையே வைத்து வேலையை முடித்தவனை நினைத்து நினைத்துச் சிரித்தேன். முந்தின இரவே குடியரசு வீரர்கள் பலர் நகருக்குள் நுழைந்து வீடுகளில் பதுங்கியிருந்தார்கள். நம் ஆள் எவன் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் குருத்தோலை. சங்கு ஊதியதும் நாலா பக்கமும் பாய்ந்தார்கள். சுமார் ஆறு மணி நேரம் நகரம் அவர்கள் கையில். மாகெலாங்கிலிருந்து டச்சுப் படை உதவிக்கு வரவும், நடுப்பகலில் தாங்களாகவே வெளியேறிவிட்டார்கள்.

ராணுவக் கணக்கில் பார்த்தால் நஷ்டம்தான். குடியரசுப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்தார்கள், நகரமும் கையில் நிற்கவில்லை. ஆனால் நகரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் எண்ணமே அவர்களுக்கு இல்லை. ஐ.நா. பேச உட்காரும் நேரத்தில், "நாங்கள் இருக்கிறோம்" என்ற ஒரு வரிச் செய்தி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அத்தனை உயிரா என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தச் செய்தி போன வழியைக் கேள், சண்முகம். நகருக்குத் தென்கிழக்கே பிளாயென் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் ஒளித்து வைத்த வானொலிக் கருவி. அங்கிருந்து சுமத்ரா. அங்கே சஃப்ருதீன் பிரவிரநெகாரா என்பவர் அவசர அரசாங்கம் ஒன்றைக் காட்டுக்குள் நடத்திக்கொண்டிருந்தார். அடுத்து பர்மா, அப்புறம் நம் டெல்லி, அங்கிருந்து உலகம் முழுக்க. எத்தனை கை மாறியிருக்கிறது! தந்தி ஆபீஸ் நைட் டியூட்டித் தூக்கத்தில் வாழ்த்துத் தந்தியில் வாசகத்துக்குரிய எண்ணை மாற்றி, கல்யாண வீட்டுக்குத் "தேர்தல் வெற்றிக்கு வாழ்த்துகள்" அனுப்பிய நாம் இரண்டு பேர் அந்தச் சங்கிலியில் இருந்திருந்தால் இந்தோனேசியா என்ன ஆகியிருக்கும்?

நம்மைப் போல ஒருத்தர் அங்கேயும் இருந்திருக்கிறார். கொமாருதீன் என்ற லெப்டினன்ட் தேதியைத் தவறாக எண்ணி, பிப்ரவரி 28ஆம் தேதியே தன் ஆட்களோடு பாய்ந்துவிட்டார். நல்லவேளை, டச்சுக்காரர்கள் அதை வழக்கமான சில்லறைத் தாக்குதல் என்று விட்டுவிட்டார்கள் போல.

இப்போது சண்டை வேறு: திட்டம் யாருடையது? தாக்குதலை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் சுஹார்த்தோ. பின்னாளில் முப்பது வருஷத்துக்கு மேல் நாட்டை ஆண்டவர். யோசனையும் தன்னுடையதே என்றார். நினைவுச் சின்னம் 1973இல் அவர் ஆட்சியில் எழுந்தது. ஊர்ச் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ சொன்னது வேறு. அரண்மனையில் வெளிநாட்டு வானொலி கேட்டு, ஐ.நா. கூடப்போவதை அறிந்து, சுதிர்மானுக்கு எழுதியது தான்தான் என்றும், சுஹார்த்தோவை அரண்மனைச் சேவகன் வேஷத்தில் ரகசியமாக வரவழைத்துப் பேசியதாகவும் சொல்லியிருக்கிறார். எனக்குச் சுல்தான் பேச்சே பொருந்துகிறது. காட்டில் ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கு ஐ.நா. நாள்காட்டி எங்கே தெரியும்? அப்துல் லத்தீஃப் என்ற அதிகாரி இன்னொன்று சொன்னார்: சண்டை நேரத்தில் தகவல் சொல்லப் போனபோது சுஹார்த்தோ சோத்தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நம் குடல் குழம்பு மாதிரி ஒரு சூப். லத்தீஃபை சுஹார்த்தோ ஆட்சி பல வருஷம் சிறையில் வைத்திருந்தது, அதனால் அந்தக் கோபத்தையும் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனாலும் பசிக்காதா என்ன மனுஷனுக்கு.

2022இல் இந்த நாளை நாட்டின் இறையாண்மை நாளாக அறிவித்த ஆணையில் சுஹார்த்தோ பெயரே இல்லை. சுல்தான், சுதிர்மான், சுகர்னோ, ஹத்தா பெயர்கள் இருக்கின்றன. அதுவும் நியாயமாகப் படவில்லை. களத்தில் நின்றவர் பெயரை எப்படி விடுவது?

தாக்குதல் நடந்த 1949ஆம் ஆண்டே மே மாதம் ஒப்பந்தம், ஜூனில் டச்சுப் படை யோக்யாவை விட்டுக் கிளம்பியது, டிசம்பர் 27இல் ஆட்சி கைமாறியது. சுதிர்மான் அதற்குப் பின் ஒரு மாதம்தான் இருந்தார், 34 வயது. அப்புறம் ஒன்று: நகரம் விழுந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, அதே டிசம்பர் 19இல், அங்கே கஜா மடா பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் வகுப்புகள் நடந்தது சுல்தானின் அரண்மனையில்தான்.

கண் ஆபரேஷன் என்றைக்கு என்று எழுது, வந்து கூட இருக்கிறேன். தங்கச்சிக்கு ஒரு பாட்டிக் சேலைத்துணி எடுத்து வைத்திருக்கிறேன். உன் அலமாரியில் அந்தப் பழைய மோர்ஸ் கட்டை இன்னும் இருக்கிறதா? பேத்திக்குத் தட்டிக் காட்ட வேண்டும். நான் வாயால் சொல்லிக்காட்டியதை அவள் நம்பவில்லை.

உன்,
வேலாயுதம்