டாக்டர் கேட்டால் அம்மா பதில் சொல்லட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த மாதத்திலிருந்து அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது உன் பொறுப்பு என்று முடிவாகிவிட்டது. ஃபைலைக் கொடுத்தனுப்புகிறேன். தேதிவாரியாக அடுக்கியிருக்கிறேன், புரட்டினாலே புரியும். ஃபைலில் இல்லாத விஷயத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உள்ளே போனதும், ரிப்போர்ட் பை யார் கையில் இருக்கிறதோ அவரைப் பார்த்துத்தான் டாக்டர் பேசுவார். "இவங்களுக்குத் தூக்கம் எப்படி?" என்று உன்னைக் கேட்பார். அம்மா பக்கத்து நாற்காலியிலேயே இருப்பாள். நீ வாயைத் திறக்காதே. அம்மா பக்கம் திரும்பிப் பார், அவரும் திரும்பிவிடுவார். அம்மா கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவாள். தன் கால்வலியில் ஆரம்பித்து, பக்கத்து வீட்டம்மாவின் கால்வலி வரைக்கும் போய்த்தான் திரும்புவாள். போய்விட்டு வரட்டும். உடம்பு அவளுடையது.

ஆனால் ஒரு சிக்கல். வீட்டில் வாரம் முழுக்க "தலை சுத்துது" என்கிறவள், டாக்டரைக் கண்டதும் விருந்துக்கு வந்தவள் மாதிரி "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சிரிப்பாள். அதனால் முந்தின நாள் ராத்திரியே பக்கத்தில் உட்கார்ந்து, என்னென்ன சொல்ல வேண்டும் என்று கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. அவள் வார்த்தையிலேயே எழுது, திருத்தாதே. போன தடவை, "கட்டிலை விட்டு எழுந்தா ஒரு நிமிஷம் எல்லாம் இருட்டிக்கிட்டு வருது" என்று அவள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். அதை அவள் படித்துக் காட்டியதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நிற்கவைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். நின்றதும் மேல் அளவு 20 புள்ளிக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. அன்றைக்கே பிரஷர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். 'லேசான தலைச்சுற்றல்' என்று நானே முந்திக்கொண்டு சொல்லியிருந்தால், விஷயம் ஒரு சத்து மாத்திரையோடு முடிந்திருக்கும்.

அந்தத் தாளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொள்வாள். படிக்கக் கண்ணாடியை எடுத்தால் தாளும் கூடவே வந்துவிடுமாம். அவளாகக் கண்டுபிடித்த வழி, மாற்றாதே.

மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோகாதே. வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ, அவளே கடையில் வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரை உட்பட. (தலையணைக்குக் கீழே பார்.) காய்ச்சலுக்கு ஒரு பெயரிலும் சளிக்கு வேறொரு பெயரிலும் வாங்கியிருப்பாள், இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கும். ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அப்புறம், தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில்தான். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

ரத்தப் பரிசோதனை என்றதுமே அவளைப் பட்டினி போட்டுவிடாதே. ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, அதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியது என்றாலும் தண்ணீர் குடிக்கலாம். ஆனால் அன்று காலை சர்க்கரை மாத்திரையைப் போடலாமா, பரிசோதனைக்குப் பிறகா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்.

படியேறி வந்த மூச்சோடு பிரஷர் பார்க்க விடாதே. முதலில் பாத்ரூம் போய்விட்டு வரட்டும், அப்புறம் 5 நிமிடம் சாய்ந்து உட்காரட்டும். கருவி ஓடும்போது நர்ஸோடு பேச்சுக் கொடுப்பாள், அதற்கும் அளவு கூடும். அந்த ஒரு நேரம் மட்டும் அவளை நீ வாயை மூடச் சொல்லலாம்.

அடுத்தது கண் டாக்டர். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், வெளிச்சமும் கூசும். கறுப்புக் கண்ணாடியை மறக்காதே, படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள். "எனக்கே தெரியும், விடு" என்பாள். விடாதே.

மற்றதைப் போனில் பேசலாம்.

அன்புடன்,
அக்கா