திரையைத் துடைத்தால் கட்டளைகள் அழியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிக்குடிப் பக்கங்களிலும் பாவித்த லெப்டொப் கைமாறுவது இப்போது சாதாரணம். ஒரே கணினியைப் பல பேர் மாறி மாறிப் பாவிக்கும் பாடசாலைக் கணினி அறைகளும் பயிற்சி நிலையங்களும் எங்கும் உள்ளன. விற்கும் முன் படங்களை அழிக்கிறார்கள், பிரவுசர் ஹிஸ்டரியை அழிக்கிறார்கள். கட்டளையாகத் தட்டச்சுச் செய்தவை எங்கே தங்கியிருக்கின்றன என்பதைத்தான் பார்க்காமல் விடுகிறார்கள். உயர்தர ஐசிடி மாணவர்கள் பைதனும் எஸ்கியூஎல்லும் படிக்கும் காலத்தில், கறுப்புத் திரையில் கட்டளை அடிப்பது பொறியியலாளருக்கு மட்டும் உரிய வேலை அல்ல. ஆகவே இதைக் கொஞ்சம் விபரமாக எழுத விரும்புகிறோம்.

முதலில் ஒரு தவறான எண்ணம். கட்டளை ஜன்னலில் சிஎல்எஸ் என்றோ கிளியர் என்றோ அடித்தவுடன் திரை வெறுமையாகிவிடுகிறது. அடித்ததெல்லாம் போய்விட்டது என்று நினைத்து எழுந்து போகிறார்கள். போனது திரையில் தெரிந்த எழுத்து மட்டுமே. அடுத்து வந்து உட்காருபவர் மேல்நோக்கிய அம்பு விசையை அழுத்தினால், முன்னவர் அடித்தது வரிவரியாகத் திரும்பி வரும்.

விண்டோஸில் இந்தப் பதிவுகள் ஒரே இடத்தில் இருப்பதில்லை. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தினால் வரும் ரன் பெட்டி, கடைசியாக இயக்கியவற்றில் 26 வரை நினைவில் வைத்திருக்கும். அவை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ளன. அதே பெட்டியில் ரெஜ்எடிட் என்று கொடுத்துத் திறந்து, ஹெச்கீ கரண்ட் யூசர், சொஃப்ட்வெயார், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், கரண்ட்வேர்ஷன், எக்ஸ்புளோரர், ரன்எம்ஆர்யூ என்ற வரிசையில் இறங்க வேண்டும். வலப்பக்கம் ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்துப் பெயர்களோடு நீங்கள் கொடுத்த கட்டளைகளும், அவற்றின் வரிசையைச் சொல்லும் எம்ஆர்யூலிஸ்ட் என்ற பதிவும் இருக்கும். டிஃபோல்ட் என்றிருப்பதை விட்டுவிட்டு மற்றவற்றை அழித்தால் போதும். எழுத்துகளை மட்டும் அழித்து வரிசைப் பதிவை விட்டுவிடக் கூடாது, இரண்டும் சேர்ந்து போக வேண்டும். இங்கே ஆபத்து ஒன்றுதான்: கை தவறி ஒரு படி மேலே உள்ள எக்ஸ்புளோரர் கிளையை அழித்தால் அந்தப் பயனருடைய பல அமைப்புகளும் அதோடு போய்விடும். எனவே தொடும் முன் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் மூலம் ஒரு பிரதி எடுங்கள். வேலை முடிந்ததும் அந்தப் பிரதியையும் அழியுங்கள், ஏனென்றால் நீங்கள் அழித்தது முழுவதும் அதற்குள் இருக்கும். கோப்பு ஜன்னலின் முகவரிப் பட்டியில் தட்டச்சுச் செய்த பாதைகள், அதே எக்ஸ்புளோரர் கிளைக்குள் டைப்ட்பாத்ஸ் என்ற இடத்தில் இருக்கின்றன.

சிஎம்டி என்று நாம் சொல்லும் பழைய கட்டளை ஜன்னலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது வழமையாக 50 கட்டளைகளை நினைவகத்தில் மட்டும் வைத்திருக்கும், ஜன்னலை மூடினால் அவை போய்விடும்.

விண்டோஸின் புதிய கட்டளை ஜன்னலான பவர்ஷெல் அப்படியல்ல. கவனம் முழுவதும் வேண்டியது இங்கேதான். அதனுள் இருக்கும் பிஎஸ்ரீட்லைன் என்ற பகுதி, நீங்கள் எண்டர் அழுத்தும் ஒவ்வொரு வரியையும் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்றில் சேர்த்துக்கொண்டே போகும். கணினியை நிறுத்தினாலும், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் அந்தக் கோப்பு இருக்கும். அதற்கு மறைகுறியாக்கம் எதுவும் இல்லை, நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். கிளியர் ஹிஸ்டரி என்ற கட்டளையை நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அது அந்த அமர்வின் பட்டியலை மட்டும் காலி செய்கிறது, கோப்பைத் தொடுவதே இல்லை. பெயரைப் பார்த்தால் எல்லாம் அழியும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

சரியான வழி இது. திறந்திருக்கும் பவர்ஷெல் ஜன்னல்கள் எல்லாவற்றையும் முதலில் மூடுங்கள். ரன் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தால், மறைந்திருக்கும் கோப்புறை நேரே திறக்கும். அதற்குள் மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், பவர்ஷெல், பிஎஸ்ரீட்லைன் என்று போனால் கொன்ஸோல்ஹோஸ்ட் ஹிஸ்டரி என்ற கோப்பு இருக்கும். ஹிஸ்டரி என்று முடியும் வேறு கோப்புகள் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் பாருங்கள். குறிப்பிட்ட சில வரிகள் மட்டும் போனால் போதுமென்றால் நோட்பேடில் திறந்து அவற்றை நீக்கிச் சேமிக்கலாம். முழுவதும் வேண்டாமென்றால் ஷிஃப்ட் விசையோடு டிலீட் அழுத்துங்கள், இல்லாவிட்டால் கோப்பு குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். அடுத்த கட்டளை அடித்தவுடன் புதுக் கோப்பு தானாக உருவாகும், அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

எல்லாம் அழித்த பிறகும் சில வரிகள் எங்கோ இருப்பதாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: சாதாரணக் கணக்கில் இருந்துகொண்டு, நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பவர்ஷெல்லைத் திறந்திருப்பார்கள். அப்போது அடித்தவை நிர்வாகியின் கணக்கிலுள்ள கோப்பில் சேரும், உங்களுடையதில் அல்ல. தேட வேண்டிய இடம் அங்கே.

பிஎஸ்ரீட்லைனின் புதிய பதிப்புகள் பாஸ்வேர்ட், டோக்கன், சீக்ரெட் போன்ற சொற்கள் உள்ள வரிகளைக் கோப்பில் எழுதாமல் விடுகின்றன. விண்டோஸோடு வரும் 5.1 பவர்ஷெல்லில் இருப்பதோ பழைய பதிப்பு. புதியதே இருந்தாலும் அது சொல்லைத்தான் பார்க்கிறது. வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையோடு இணைக்கும் நெட் யூஸ் கட்டளையில் பகிர்வின் பெயருக்குப் பின் உங்கள் கடவுச்சொல்லை எழுதினால், அந்த வரியில் பாஸ்வேர்ட் என்ற சொல்லே இராது, அப்படியே பதிவாகிவிடும். ஆகவே கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதவே கூடாது. நெட் யூஸில் அது வர வேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள், கணினி தனியாகக் கேட்கும். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லில் சிறுகோடு பி என்பதோடு நிறுத்தி எண்டர் அழுத்துங்கள், அதுவும் கேட்கும். கேட்ட பிறகு கொடுப்பது கட்டளைப் பதிவில் சேராது. ஆசிரியர்கள் முதல் நாளிலேயே இந்தப் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளத்தைப் பாவிப்பவர்களுக்கு இரண்டு விடயம். அங்கே கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் என்ற நிரல் தன் பதிவை உங்கள் வீட்டுக் கோப்புறையில் பேஷ் ஹிஸ்டரி என்ற மறைந்த கோப்பில் வைக்கிறது. ஆனால் அடித்த உடனே எழுதுவதில்லை, டேர்மினல் என்ற கட்டளை ஜன்னலை மூடும்போதுதான் எழுதும். அதனால் கோப்பை மட்டும் அழித்துவிட்டு டேர்மினலை மூடினால், நினைவகத்தில் இருந்த கட்டளைகள் மறுபடியும் கோப்பில் வந்து விழும். முதலில் ஹிஸ்டரி சிறுகோடு சி என்று கொடுத்து நினைவகத்தைக் காலி செய்து, பிறகு ஹிஸ்டரி சிறுகோடு டபிள்யூ என்று கொடுத்து அந்த வெறுமையைக் கோப்பில் எழுத வேண்டும். வேறு டேர்மினல் ஜன்னல்கள் திறந்திருந்தால் ஒவ்வொன்றும் மூடும்போது தன் பங்கை எழுதும் என்பதால் முதலே அவற்றை மூடிவிடுங்கள். மற்றது, உபுண்டுவின் வழமையான அமைப்பில் ஒரு வெற்றிடம் விட்டுத் தொடங்கும் கட்டளை பதிவாகாது.

அழிக்கக் கூடாத நேரமும் உண்டு. 2024 முதல் உலகெங்கும் பரவியுள்ள ஒரு மோசடி: நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க, விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, கொன்ட்ரோல் வி அழுத்தி, எண்டர் கொடுங்கள் என்று ஓர் இணையப் பக்கம் கேட்கும். செய்தால் தீய கட்டளை ஒன்று உங்கள் கையாலேயே இயங்கிவிடும். அப்படி ஏமாந்தவர் வெட்கத்தில் ரன் பெட்டியின் பதிவை அழித்துவிட வேண்டாம். என்ன இயங்கியது என்பதற்கு முக்கியமான சாட்சி அந்த ரன்எம்ஆர்யூவில்தான் இருக்கும். இணையத்தைத் துண்டித்து, அந்த வரியைக் கைபேசியில் படம் எடுத்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் முறைப்பாடு செய்ய நினைப்பவருக்கும் அந்தப் பதிவு வேண்டும். அலுவலகக் கணினியில் உள்ள பதிவும் உங்கள் சொந்தச் சொத்து அல்ல, பொறுப்பானவரைக் கேட்காமல் அழிக்க வேண்டாம்.

கடவுச்சொல் ஒன்று ஏற்கனவே பதிவாகியிருந்தால் முதல் வேலை அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவது, கோப்பை அழிப்பது இரண்டாவது. அழித்த கோப்பை வன்தட்டிலிருந்து மீட்க மென்பொருட்கள் உண்டு, பேக்கப்பிலும் ஒரு பிரதி இருக்கக்கூடும். கணினியை விற்கிறவர் இந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கவும் தேவையில்லை. வேண்டியவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு, விண்டோஸ் 11இன் செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி, ரீசெட் திஸ் பிசி என்று போய், ரிமூவ் எவ்ரிதிங் என்பதைத் தெரிவுசெய்து, மேலதிக அமைப்பில் கிளீன் டேட்டா என்பதையும் ஆம் என்று வைக்க வேண்டும். வன்தட்டு உள்ள இயந்திரத்தில் இதற்குப் பல மணி நேரம் போகும், சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

பாடசாலை அதிபர்களிடமும் பயிற்சி நிலையப் பொறுப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே கணக்கில் எல்லாப் பிள்ளைகளும் நுழையும்போது, எல்லாருடைய கட்டளைகளும் ஒரே கோப்பில் சேருகின்றன. வகுப்புக்கு ஒன்றாவது தனியான சாதாரணக் கணக்கு உருவாக்குங்கள். செலவில்லை, ஒரு கணினிக்குச் சில நிமிடம்தான் எடுக்கும். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் பொறுப்பாசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கணினி திருத்துநர்களும் பயிற்றுநர்களும்,
மட்டக்களப்பு.