தோல் ஆறியதும் வேலைக்கு அனுப்புகிறவர்களுக்கு

விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலை உரிமையாளர்களுக்கும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும்,

வணக்கம். என் அண்ணன் பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கிறவர். மாலையில் அலுமினியப் பொடி படிந்து வெள்ளிச் சிலைபோல வீடு வருவார். பக்கத்து அறை வெடித்த அன்று தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால், முதுகும் வலது கையும் வெந்ததோடு பிழைத்தார். ஐந்து மாதம் கழித்து மருத்துவர் கையை மடக்கி நீட்டச் சொன்னார். நீட்டினார். வேலைக்குத் தகுதி என்று சான்று கிடைத்தது. இரவில் தூங்குகிறாயா என்று யாரும் கேட்கவில்லை.

தூங்குவதில்லை. அண்ணி மாவு சலித்தால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறார். மருந்து சலிக்கும் சத்தமும் அப்படித்தானே இருக்கும்? ஆனாலும் தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் கழியவில்லை, போகத்தான் வேண்டும்.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையைப் படித்தேன். கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டிவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு சம்பாத்தியத் திறன் இழப்பு என்று கணக்கு இருக்கிறது. விரல்நுனிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு. பயத்துக்கு இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்போ, பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன நோயை 2010-இலேயே தொழில்சார் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

இழப்பீட்டை வழக்கறிஞர்கள் பேசட்டும். நான் கேட்பது வேலைக்குத் திரும்பும் முதல் சில மாதங்களைப் பற்றி. மருந்தில் கை நடுங்குகிறவரை மருந்து அறையில் உட்கார வைப்பது அவருக்கு மட்டுமா ஆபத்து? ஓர் உராய்வு போதும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் லேபிள் ஒட்டும் இடத்திலோ பெட்டி கட்டும் இடத்திலோ போடுங்கள், பழைய கூலியைக் குறைக்காமல். எண்ணிக்கைக்குக் கூலி என்றால் அவர் பயத்தை மறைத்துக்கொண்டு மருந்து அறைக்கே திரும்பிவிடுவார்.

விபத்துக்குப் பின் ஆலையைத் திறக்குமுன் மாவட்ட மனநலத் திட்டத்தினரை அழைத்து வாருங்கள். காயம்படாமல், கருகிய உடல்களைத் தூக்கியவர்களையும் அவர்கள் பார்க்க வேண்டும். கூட்டமாக உட்கார வைத்து நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்வது மட்டும் வேண்டாம். அதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஆலைக்குள் செல்பேசி கூடாது, வீட்டிலோ ஒரே அறை. அங்கே மனைவி மக்கள் காதுபட எந்த ஆண் பிள்ளை "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று பேசுவான்?

லேபிள் ஒட்டும் வேலை கேட்டுப் போனோம். அது பெண்கள் வேலை, ஆம்பளைக்கு இல்லை என்று போர்மேன் சிரித்தார். இதை மாற்ற அரசாணை தேவையில்லை. முதலாளி ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும். திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும், அன்றுதான் அண்ணன் வேலைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
ஒரு பட்டாசுத் தொழிலாளியின் தங்கை